எந்தப் பறவை?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கவிதை எழுதினேன். இணைய இதழ் ஒன்றில் வெளிவந்தது. அண்ணன் குவைத்துக்கு வேலைக்குப் போன வருடம் அது. கவிதையில் ஒரு பறவை கடலைத் தாண்டிப் போகும். அதற்குக் கடவுச்சீட்டு கிடையாது, எல்லைக்கோடு தெரியாது, சிறகு இருக்கிறது, அவ்வளவுதான். கடைசி வரியில் அந்தப் பறவை அண்ணனாக மாறிவிடும். நண்பர்கள் பகிர்ந்தார்கள். எனக்கும் நல்ல கவிதை என்றுதான் தோன்றியது.

அது ஏன் கெட்ட கவிதை என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. என்னுடைய ஒரு கவிதை கெட்டுப்போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இன்று தமிழில் எழுதப்படும் பறவைக் கவிதைகள் பலவற்றுக்கும் அதே கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு விமர்சகர் இல்லை. கோடியக்கரையில் ஒரு பெரியவர்.

1

வரைபடத்தைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரை நேராகத் தெற்கே இறங்கி வந்து, சட்டென்று மேற்கே திரும்பும் முனைதான் கோடியக்கரை. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. எதிர்க்கரையில் யாழ்ப்பாணம். முனைக்குப் பின்னால் வெளிமான் மேயும் புல்வெளியும் உலர்ந்த பசுமைக் காடும். மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரை நீளும் சேற்றுவெளி, உப்பளங்கள். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வடக்கே பனி இறங்கத் தொடங்கியதும் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் கிளம்பும் பறவைகள் அக்டோபருக்குள் இங்கே நிறைந்துவிடும். பங்குனி, சித்திரை வாக்கில் திரும்பும்.

நான் போனது ஒரு ஜனவரி. பூநாரை பார்க்கத்தான் போனேன், எல்லோரையும்போல. பூநாரை தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தது. பக்கத்தில் சேற்றில் ஏதோ நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. சாம்பலும் பழுப்புமாக, எலிக்குஞ்சு மாதிரி. அவற்றை நான் பார்க்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணில் பட்டது, அவ்வளவே.

என்னோடு வந்த பெரியவர் இளமையில் பறவைகளுக்கு வளையம் போடும் முகாம்களில் கூலிக்கு வேலை பார்த்தவர். வலை கட்டுவது, ராத்திரியில் சேற்றில் இறங்கி வலையில் மாட்டியதை எடுத்து வருவது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் 1959இல் தொடங்கிய வலசை ஆய்வின் தொடர்ச்சியாக இங்கே பல ஆண்டுகள் அந்த வேலை நடந்தது. காலில் ஒரு அலுமினிய வளையம், அதில் ஒரு எண், கழகத்தின் பெயர். எடை பார்த்து, இறக்கை அளந்து, எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

தேநீர்க் கடையில் என் நண்பன் சும்மா இருக்காமல், "ஐயா, இவன் கவிதை எழுதுவான், பறவையப் பத்தியே எழுதிருக்கான்" என்று மாட்டிவிட்டான்.

"அப்படியா தம்பி, சொல்லுங்க கேப்போம்."

கைபேசியில் எடுத்துப் படித்தேன். பெரியவர் கவனமாகக் கேட்டார்.

"நல்லாருக்கு தம்பி. எந்தப் பறவ?"

"பறவைதான் ஐயா. பொதுவா ஒரு பறவை."

"பொதுவான்னு ஒண்ண நான் பாத்ததில்லையே தம்பி. வலையில மாட்னது எல்லாத்துக்கும் பேரு இருந்துச்சு."

அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். பட்டைவால் மூக்கனா, கொசு உள்ளானா, ஆலாவா என்று தெரிந்தால் எந்த மாசம், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று அவருக்குப் புரியும். தெரியாவிட்டால் கவிதையில் என்ன நடக்கிறது என்றே அவருக்குப் புரியாது. வாசகனாக அவர் கேட்டது மிக நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

2

நவீனக் கவிதையில் பறவை என்றால் பெரும்பாலும் விடுதலை. அல்லது பிரிவு. அல்லது எல்லையின்மை. "பறவைகளுக்கு எல்லை இல்லை" என்பதை எத்தனை விதமாக வாசித்திருப்போம்! அதிலும் பாக் நீரிணையை வைத்து எழுதினால் இந்தப் படிமம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மீனவர் பிடிபடும் கடலில் பறவை மட்டும் பிடிபடாமல் போகிறது என்று. கோபம் உண்மையானதுதான். படிமம்தான் பொய்.

சேற்றில் எலிக்குஞ்சு மாதிரி ஓடியது கொசு உள்ளான். மூன்று பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்; கிட்டத்தட்ட அதுதான் அதன் எடை. ஆர்க்டிக் தூந்திரத்தில் முட்டையிலிருந்து வெளிவந்து அந்த உடம்போடு இங்கே வருகிறது. வந்து என்ன செய்கிறது? தின்கிறது. ஓயாமல் சேற்றைக் குத்திக் குத்திப் புழுவும் பூச்சியும் தின்கிறது. திரும்பும் காலத்துக்குள் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். சேரவில்லையென்றால் கிளம்ப முடியாது, கிளம்பினாலும் வழியில் விழும். நீர் ஒரு விரற்கடை ஆழம் கூடிவிட்டால் அதன் கால் எட்டாது. அந்த இடத்தில் சோறு இல்லை. உப்பளத்துக்காகத் தண்ணீரைத் தேக்குவதும் திறப்பதும் அதன் அன்றைய சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது. இதில் விடுதலை எங்கே இருக்கிறது?

பட்டைவால் மூக்கனை எடுத்துக்கொள்வோம். கோடியக்கரைக்கும் வரும் இனம்தான். இதே இனத்தின் வேறொரு கூட்டம் அலாஸ்காவில் குஞ்சு பொரிக்கிறது. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு பறவை அங்கிருந்து கிளம்பி, பதினொரு நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. செயற்கைக்கோள் கருவி அதைப் பதிவு செய்திருக்கிறது. இந்தச் செய்தியைப் படித்ததும் நமக்கு வீரம், சாகசம் என்று பொங்குகிறது. ஆனால் உள்ளே நடப்பது வேறு. கிளம்பும் முன் அந்த இனம் தன் குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்கிறது. கொழுப்புக்கு இடம் வேண்டும், வீண் எடை கூடாது. தின்னும் உறுப்பையே குறைத்துக்கொண்டுதான் கிளம்புகிறது. போய் இறங்கிய பிறகு அது மறுபடி வளர வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கரைப்பறவைகளில் பல இனங்களில் பெரியவை முதலில் கிளம்பிவிடும். அந்த வருடத்துக் குஞ்சுகள் பிறகு தனியாக, யாரும் வழிகாட்டாமல் வரும். அப்படி முதல்முறை வந்தவற்றில் பல, அடுத்த கோடையில் வடக்கே திரும்புவதில்லை. இங்கேயே, வெயிலில், காய்ந்த உப்பு மண்ணில் தங்கிவிடும். ஜூன் மாதக் கோடியக்கரையில் நிற்கும் ஒரு உள்ளானைப் பார்த்தால் அதை என்ன குறியீடாக எழுதுவது? விடுதலையா, பிரிவா? எதுவும் பொருந்தாது. அது இன்னும் கிளம்பத் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

எல்லையின்மைக்கும் ஒரு பின்கதை உண்டு. அந்த வலசை ஆய்வுக்கு ஆரம்பத்தில் பணம் கொடுத்தது உலக சுகாதார நிறுவனம். வலசைப் பறவைகள் உண்ணிகளையும் அவற்றோடு வைரஸ்களையும் நாடு கடத்துகின்றனவா என்ற சந்தேகம் அவர்களுக்கு. கவிஞன் எதைக் கண்டு மகிழ்ந்தானோ அதையே கண்டு மருத்துவர் பயந்தார். வலையில் சிக்கிய உள்ளானுக்கு இரண்டும் தெரியாது.

3

பழைய கவிதைகள் இப்படி இல்லையே என்று தோன்றியது. ஊருக்குத் திரும்பி வந்து எடுத்துப் படித்தேன்.

குறுந்தொகையில் கபிலரின் ஒரு பாட்டு. தலைவன் தன்னோடு கூடியபோது சாட்சி யாருமில்லை, ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது, சாட்சி சொல்ல முடியாத பறவை, அதனால் அவள் கையறு நிலை என்று. சரிதான். ஆனால் கபிலர் அந்தக் குருகை எவ்வளவு பார்த்திருக்கிறார்! காலின் நிறத்தையும் மெலிவையும் தினைத் தட்டையோடு ஒப்பிடுகிறார். ஓடும் நீரில் ஆரல் மீனுக்காக அது நிற்கிறது என்கிறார். அந்தப் பறவைக்கு இந்தக் காதலில் அக்கறையே இல்லை. அதற்குப் பசி. அவளுடைய வாழ்க்கையின் மிகப் பெரிய நிகழ்ச்சி நடக்கும்போது பக்கத்தில் ஒரு உயிர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய தனிமை அங்கே இருக்கிறது. குருகைக் குறியீடாக்கியிருந்தால், அது அவளைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருந்தால், பாட்டு செத்திருக்கும்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த சத்திமுற்றப் புலவரின் பாட்டு. மதுரையில் குளிரில் மாற்றுடை இல்லாமல் கிடக்கிறவர், வானில் போகும் செங்கால் நாரையிடம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். "பழந்தமிழர் அன்றே வலசையை அறிந்திருந்தார்கள்" என்று வருடா வருடம் இந்தப் பாட்டை வைத்து யாராவது பதிவு போடுவார்கள். அந்தப் பெருமிதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. என்னைப் பிடித்து உலுக்கியது வேறு.

முதலில் அவர் பறவையின் அலகைப் பார்க்கிறார். பிளந்த பனங்கிழங்கை நினைத்துக்கொள்கிறார். பசித்தவனுக்குத் தோன்றும் உவமை அது. இன்று பறவையாளர்கள் செங்கால் நாரை என்ற பெயரைக் காலும் அலகும் சிவந்த, குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் ஒரு இனத்துக்கு வழங்குகிறார்கள். அந்த விவரணைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

அடுத்து, அவர் பறவையை வழி மாறச் சொல்லவில்லை. நீங்கள் தெற்கே குமரிவரை போய் வடக்கே திரும்புவதாக இருந்தால், வழியில் எங்கள் ஊர்க் குளத்தில் இறங்குங்கள் என்கிறார். நாரை குளத்தில் இறங்கத்தான் செய்யும். அதற்கு மீனும் தவளையும் வேண்டும். அது எப்படியும் செய்யப்போகும் காரியத்தின் மீது தன் வேண்டுகோளை வைக்கிறார். பறவையின் பயணத்துக்கு அதற்கே உரிய காரணமும் காலமும் துணையும் இருக்கின்றன. புலவர் அதில் கொஞ்சம் இடம் கேட்கிறார், ஏழையின் கூச்சத்தோடு.

இங்கே என் வாசிப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் நடுங்குவது வாடைக் காற்றில். நாரை வடக்கே திரும்புவது மாசி, பங்குனியில். பறவை தன் காலப்படி போய்ச் சேதி சொல்லும்போது குளிர் முடிந்திருக்கும். "உன் கணவனைக் குளிரில் நடுங்கக் கண்டோம்" என்ற சேதி வெயில் தொடங்கிய பிறகு வீடு சேரும். அதற்குள் அவர் இருக்கிறாரோ இல்லையோ. பறவையின் நாட்காட்டி தெரிந்தால்தான் இந்தத் தாமதம் கேட்கும். தெரியாவிட்டால் அது வெறும் தூது.

என் கவிதையில் பறவை எப்போது கிளம்பியது, எதற்காக, எங்கே இறங்கும் என்று எதுவும் இல்லை. அண்ணனைப் பற்றியும் இல்லை.

கல்கியையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நம்மில் பலருக்குக் கோடியக்கரை என்றால் முதலில் பூங்குழலிதான். வந்தியத்தேவனைப் புதைசேற்றில் மாட்டிவிட்டுப் பிறகு அவளே இழுத்துக் காப்பாற்றும் கட்டம் யாருக்கும் மறக்காது. அந்த நாவலில் சேறு ஆபத்து, இருட்டு, மர்மம். நாவலுக்கு அது வேண்டியிருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்து வளர்ந்த நான், கோடியக்கரையில் சேற்றைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் பூநாரையைத் தேடினேன். கதாநாயகனுக்குச் சேறு பொறி. உள்ளானுக்குச் சேறுதான் சோறு.

4

அந்தப் பயணத்துக்குப் பிறகு பறவைப் பட்டியல் எழுதப் பழகினேன். ஈபேர்டு செயலியில்தான். தேதி, நேரம், இடம், நடந்த தூரம், இனம், எண்ணிக்கை. இலக்கிய நண்பர்கள் சிரித்தார்கள். "மளிகைக்கடை சிட்டை மாதிரி இருக்கே" என்றான் ஒருவன். சிட்டைதான். ஆனால் பட்டியலையும் ஒரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு பார்த்தால் அதில் சில ஒழுக்கங்கள் இருக்கின்றன. அவை கவிஞர்களுக்கு உதவும்.

பட்டியலை அனுப்பும் முன் செயலி ஒரு கேள்வி கேட்கும். உன்னால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் இதில் சொல்லிவிட்டாயா? ஆம் அல்லது இல்லை. ஏன் இந்தக் கேள்வி? எல்லாவற்றையும் சொன்ன பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால், இல்லாததும் ஒரு தகவல். அழகானதை மட்டும் சொன்ன பட்டியலில் ஒன்று விடுபட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. அந்தக் கேள்வியை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. என் கவிதை எதற்கும் அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் சொல்ல முடியாது.

பட்டியல்காரர்களையும் புனிதர்களாக்க வேண்டியதில்லை. கோடியக்கரையிலேயே பார்த்தேன். அபூர்வமான ஏதோ ஒரு உள்ளான் தென்பட்டதாகச் செய்தி வந்ததும் பீரங்கி மாதிரி லென்ஸ்களோடு ஒரு கூட்டம் சேற்றில் இறங்கியது. மேய்ந்துகொண்டிருந்த கொசு உள்ளான் கூட்டம் முழுவதும் எழும்பிப் போனது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரையும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "லைஃபர் கிடைச்சுதா?" என்பதுதான் பேச்சு. வாழ்நாளில் முதல்முறை பார்க்கும் இனத்துக்கு லைஃபர் என்று பெயர். யாருடைய வாழ்நாள்? பார்ப்பவருடையது. கவிஞன் பறவையில் தன் மனத்தைப் பார்க்கிறான், இவர்கள் பறவையில் தங்கள் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். இரண்டிலும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது கொசு உள்ளான்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மரபு தமிழில் இருக்கிறது, அதிகம் வாசிக்கப்படாமல். மா. கிருஷ்ணனின் "மழைக்காலமும் குயிலோசையும்" தொகுப்பை எடுத்துப் பாருங்கள். தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். கிருஷ்ணன் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியவர். தமிழில் எழுதியது குறைவு. ஆனால் அதில் ஒரு பறவையை மணிக்கணக்கில் பார்த்தவருக்கு மட்டுமே வரும் சொற்சிக்கனம் இருக்கிறது. பெயரும் இருக்கிறது, நடத்தையும் இருக்கிறது, நகைச்சுவையும் இருக்கிறது. பாஸ்கரனின் கட்டுரைகளையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். நம் கவிதை விவாதங்களில் இவர்கள் பெயர் வருவதே இல்லை. சூழலியல் எழுத்து என்று தனி அலமாரியில் வைத்துவிட்டோம்.

5

இதெல்லாம் அழகியல் சண்டை மட்டும் என்றால் இவ்வளவு நீட்ட மாட்டேன்.

2023இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்த ஏறத்தாழ மூன்று கோடி அவதானிப்புகளை வைத்து 942 இனங்களை அது மதிப்பிட்டது. எல்லாம் அந்த மளிகைச் சிட்டைகள்தான். நெடுந்தூரம் வலசை வரும் பறவைகள், அவற்றிலும் கரைப்பறவைகள், மிகவும் சரிந்துகொண்டிருக்கின்றன என்று அது காட்டுகிறது. 2024இல் உலகச் செம்பட்டியலில் வளைமூக்கு உள்ளானை அழியும் ஆபத்துள்ள இனங்களோடு சேர்த்தார்கள். கர்லியூ சாண்ட்பைப்பர் என்றால் பட்டியல்காரர்களுக்குத் தெரியும். கோடியக்கரைக்குக் கூட்டம் கூட்டமாக வரும் பறவை அது. அதன் பிழைப்பு எவ்வளவு தூரத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறது தெரியுமா? சைபீரியத் தூந்திரத்தில் லெம்மிங் என்ற எலி பெருகும் வருடத்தில் நரிகள் எலியைத் தின்றுவிட்டு உள்ளான் குஞ்சுகளை விட்டுவைக்கும். எலி குறைந்த வருடத்தில் குஞ்சுகள் இரையாகும். அந்தக் குளிர்காலம் தெற்கே வரும் இளம்பறவைகள் குறைந்துபோகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாளை இந்த உள்ளான் வராமல் போனால் நம் கவிதையில் எது குறையும்? எதுவும் குறையாது. "பறவை" அங்கேயே இருக்கும். வானமும் இருக்கும், சிறகும் இருக்கும். பொதுப் பறவை ஒருநாளும் அழியாது. அதனால்தான் அந்தச் சொல்லைக் கண்டு எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. ஒரு மொழியின் கவிதையில் பெயரில்லாத உயிர், காணாமல் போனாலும் அந்த மொழிக்குத் தெரியப்போவதில்லை.

உவமையை விட்டுவிடச் சொல்லவில்லை. பறவையை முதலில் பார்த்துவிடலாம் என்கிறேன். பார்த்தால் உவமையும் கூர்மையாகும். என் விஷயத்தில் அப்படித்தான் ஆனது. அந்தக் கவிதை வந்தபோது அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது.

"நல்லாருக்குடா. ஆனா பறவைக்குப் பாஸ்போர்ட் இல்லன்னு எழுதிருக்க. எனக்கும் இல்லடா, முதலாளிகிட்டல்ல இருக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. கோடியக்கரையிலிருந்து வந்த பிறகுதான் மறுபடி கேட்டேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பு. போன கடனை அடைக்கும்வரை எடை சேராது. எடை சேராமல் கிளம்ப முடியாது. சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டு பணம் அனுப்புகிறான். கோடையிலும் அங்கேயே நிற்கிறான். அண்ணனைப் பறவை என்று எழுதியது தப்பில்லை. எனக்குப் பறவையைப் பற்றியும் தெரியவில்லை, அவனைப் பற்றியும் தெரியவில்லை. அதனால் இருவருக்கும் இல்லாத ஒரு விடுதலையைக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கவிதையைத் திருத்தப் பார்த்தேன், வரவில்லை. இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு கழிமுகமோ ஏரியோ உப்பளமோ இருக்கும். அடுத்த மார்கழியில் ஒரு காலை போய் நில்லுங்கள். பூநாரை வேண்டாம். பக்கத்தில் சேற்றில் ஓடுவது என்ன என்று யாரிடமாவது கேளுங்கள். பெயர் தெரிந்துகொண்டு, எத்தனை என்று எண்ணுங்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி எண்ணுங்கள். கவிதை அதற்குப் பிறகு வந்தால் வரட்டும்.

என் பட்டியலில் கொசு உள்ளான் இருக்கிறது, பவளக்காலி இருக்கிறது, பட்டைவால் மூக்கன் இருக்கிறது. செங்கால் நாரை இன்னும் இல்லை.